பதினேழாம் மாடி வால்வு

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் மாட்டுங்கா அலுவலகத்தில் அவருக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான். அதிலும் எப்போதும் பழைய பம்பு உதிரிகள் கிடக்கும். நின்றபடியே பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று அந்த நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

"இந்தப் பரீட்சையை நீ எழுதிடும்மா" என்றார். "ஃபீஸ் கம்பெனி கட்டும். நீ நன்னா படிக்கறவ. எனக்கு முட்டி போயிடுத்து. மொட்டை மாடி ஏறி எத்தனையோ காலமாச்சு. இனிமே கையெழுத்துப் போடற எடத்துல ஒம் பேர் வரட்டும்."

எங்கள் தொழிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். உயரமான கட்டடங்களில் தீயணைப்புக் குழாய், பம்பு, தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் இவற்றையெல்லாம் பராமரித்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். சோதிப்பது நான். கையெழுத்து அவருடையது. இப்போது அந்தக் கையெழுத்தையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார். அதற்காகத்தான் தீப்பாதுகாப்பு நிபுணர் என்ற பட்டம். வெளிநாட்டுக்காரர்கள் நடத்துகிற பரீட்சை, முழுக்க இங்கிலீஷ். பாடப்புத்தகத்தைத் தூக்கி என் முன்னால் வைத்தார். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன்.

"ஆத்துல கலந்து பேசிட்டுத் திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு. பேரைப் பதியறதுக்கு அதுதான் கடைசி."

சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, இந்த அலுவலகத்தில் பில் அடிக்க வந்தவள் நான். பம்பு ரூமுக்குள் பொம்பளை எதற்கு என்று முகத்துக்கு நேராகக் கேட்ட வாட்ச்மேன்களைத் தாண்டி வந்திருக்கிறேன். என் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் வருகிறது என்றால் கசக்குமா? ஆனால் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கும்போதே அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். பட்டம் வாங்கினால் துபாயில் வேலை கிடைக்கும் என்று எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு கோஷ்டி சொல்லும். அதைக் காட்டினால் இங்கே ஒரு வடாபாவ்கூடக் கிடைக்காது என்று இன்னொரு கோஷ்டி சிரிக்கும். அந்த வாதத்தில் எனக்கு அக்கறையில்லை. என் கேள்வி வேறு. கையெழுத்து என்னுடையதாகிவிட்டால், நாளைக்கு ஏதாவது ஒரு கட்டடம் எரிந்தால், போலீஸ் தேடி வருகிற வீடு எங்கள் வீடு.

என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறவர். அன்று சாயங்காலம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுச் சுவரில் நான் மாட்டி வைத்த தீயணைப்பான் ஒன்று தொங்குகிறது. கைப்பிடி வாகாக இருப்பதால் அவருடைய துண்டு எப்போதும் அதன்மேல்தான். எடுக்கச் சொல்லிச் சொல்லி நானும் அலுத்துவிட்டேன். அந்தத் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஏளா, நான் சொல்லுதத நல்லா கேட்டுக்க. எங்ஙன தீப்பிடிச்சாலும் டிவியில என்ன காட்டுதான்? பில்டரப் புடிச்சானா? செக்ரட்டரியப் புடிச்சானா? கையெழுத்துப் போட்டவனத்தான் மொதல்ல ஜீப்புல ஏத்துதான். ஒங்க முதலாளிக்கு முட்டி வலியாம்! அந்தாளுக்குப் பயம்ளா, பயம்."

"அவருக்கு நெசமாவே முட்டி வலிதாங்க."

"இருக்கட்டும். கையெழுத்துப் போட முட்டி எதுக்கு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது தப்பு என்பதால் வந்த கோபமாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். சரியாகச் சொல்லிவிட்டாரே என்று வந்தது. குக்கரை அடுப்பில் தூக்கி வைத்தேன். வைத்த சத்தம் சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். வேண்டாம். திங்கட்கிழமை காலையில் செம்பூரில் ஒரு டவர் சோதனை இருந்தது. அதை முடித்துவிட்டு நேரே மாட்டுங்கா போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மனசு கொஞ்சம் லேசானது. மீன் வாங்கினேன். இருட்டின பிறகு, குழம்பு கொதிக்கும்போது, வேலை முடிந்து மைனி வந்தாள்.

மைனி என் வீட்டுக்காரருக்கு அக்கா. அடுத்த சந்தில் இருக்கிறாள். செம்பூரில் அதே டவரில், பதினேழாம் மாடியில், ஒரு வீட்டில் சமையல் வேலை. காலையில் போனால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவாள். அந்தக் கட்டடத்துக்குச் சோதனைக்குப் போகிற நான் அவளுக்குச் சொந்தம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சொந்தக்காரி என்று தெரிந்தால் எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்கு வேலை போகும், அது மைனியுடைய வேலையாகத்தான் இருக்கும் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தோம். லாபியில் எதிரே பார்த்தாலும் திரும்பிக்கொள்வோம்.

"நாளைக்கு நீ வாரியோ?" என்று கேட்டுக்கொண்டே தரையில் சாய்ந்தாள். "எம் முதுகு போச்சு."

"நான் வாரதுக்கும் ஒங்க முதுகுக்கும் என்ன மைனி?"

"நல்லா கேட்ட. நீ வாரேன்னா முந்தின நாளே வாட்ச்மேன் மாடி மாடியாப் பெல் அடிச்சுச் சொல்லிருதாம்லா. படிக்கட்டுல கெடக்க செருப்பு ரேக்கு, அட்டப்பெட்டி, பிள்ளையளுக்க சைக்கிள் எல்லாத்தையும் வீட்டுக்குள்ள இழுத்து வைக்கணும். நீ போன மறுநா திரும்ப வெளிய இழுக்கணும். ரேக்கு தேக்கு மரம்ளா. எங்க வீட்டம்மாவா தூக்குவா? நாந்தான் தூக்குதேன். எல்லா மாடியிலயும் எங்கள மாதிரி ஆளுவதான் தூக்குது."

எனக்குச் சாம்பார்க் கரண்டியைக் கொண்டு தலையில் அடித்த மாதிரி இருந்தது. சோதனைக்கு முந்தின நாள் சொசைட்டிக்கு, அதாவது அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு, போன் செய்து சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் மரியாதை. பம்பு ஓடினால் சத்தம் வரும், வயதானவர்கள் பயந்துவிடுவார்கள், அலாரம் அடித்தால் குழந்தைகள் அழும் என்பதற்காகச் செய்வது. போன் செய்வதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் சுத்தமான படிக்கட்டைப் பார்த்து, படித்தவர்கள் இருக்கிற கட்டடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மெச்சிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். இங்கே ஒருத்தி அதற்காக முதுகை ஒடித்துக்கொண்டிருக்கிறாள்.

"வேற என்னவெல்லாம் மாத்துதாங்க?"

"வேற என்ன? வீட்டுல புதுசா மரத்துல சீலிங்கு போட்டாவள்லா, அதுல சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்துச்சு. பிளம்பர் வந்து வெளிய டக்டத் தொறந்து என்னத்தையோ முறுக்குனான். தண்ணி நின்னுட்டு. வீட்டம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்."

குழம்பு பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தேன். வெளியே, குழாய்கள் போகிற அந்த டக்டில் முறுக்குவதற்கு இருப்பது ஒன்றே ஒன்று, அந்த மாடி முழுவதற்கும் ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் விடுகிற வால்வு. ஒழுகுகிற இணைப்பைச் சரிசெய்யச் சீலிங்கைப் பிரிக்க வேண்டும். பிரிக்க மனசில்லாமல் வால்வையே மூடியிருக்கிறார்கள். நாங்கள் வழக்கமாகச் சோதிப்பது முதல் மாடியிலும் மொட்டை மாடியிலும்தான். நடுவில் ஒரு மாடி காய்ந்து கிடந்தால் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

மைனியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு அந்த அடுப்பின் முன்னால் எப்படி நிற்பாள்? மீன் போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்த டவரின் வாசலில் சொசைட்டி செக்ரட்டரி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பம்பு ரூமில் எல்லாம் பளபளவென்று இருந்தது. பம்பு ஒரே விசையில் ஓடியது. முதல் மாடியில் தண்ணீர் வந்தது. மொட்டை மாடியில் குழாயைப் பிடித்தேன், நன்றாகவே பீய்ச்சியது. படிக்கட்டில் ஒரு செருப்புகூட இல்லை. ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் கதவுக்குப் பின்னால் இழுத்து வைக்கப்பட்ட ரேக்குகளை நினைத்துக்கொண்டேன்.

நேராகப் பதினேழு என்று கேட்டால் யார் சொன்னார்கள் என்று யோசிப்பார்கள். அதனால் வாய்க்கு வந்த மாதிரி, "இந்தத் தடவை நடுவில் சில மாடிகளையும் பார்க்கணும், மேலிருந்து சொல்லியிருக்கிறார்கள்" என்று ஹிந்தியில் புளுகினேன். முதலில் இருபத்தொன்றைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. பத்தொன்பதிலும் வந்தது. செக்ரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். "அடுத்து பதினேழு" என்றேன்.

"அரே மேடம், உதர் கோயி நஹி ஹை" என்றார். அந்த வீட்டில் ஆளில்லையாம்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. அவளுக்கு முதுகு வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் மீன் சாப்பிட்டாள். இந்தக் கட்டடத்தில் பகல் முழுக்க இருக்கிறவர்களே சமையல்காரிகளும் குழந்தை பார்க்கிறவர்களும் படுக்கையில் கிடக்கிற கிழவர்களும்தான். வீட்டுக்காரர்கள் காலையிலேயே காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவருடைய 'ஆள்' கணக்கில் மைனி இல்லை. எரிச்சலை அடக்கிக்கொண்டு, "வீட்டுக்குள்ள போக வேண்டாம், டக்டைத் திறந்தால் போதும்" என்றேன்.

திறந்தார். வால்வு இறுக மூடியிருந்தது. அதன் சக்கரத்தில் பிளம்பர் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தான், யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாதாம். கீழே இருந்த சோதனைக் குழாயைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"சோட்டா சா லீக்கேஜ் மேடம்" என்றார் செக்ரட்டரி. சின்ன ஒழுக்குதான், அடுத்த மாதம் சரி செய்துவிடுவார்கள், இன்றைக்குக் கையோடு சான்றிதழ் வேண்டும். சொல்லிக்கொண்டே என் முதலாளிக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

"வால்வைத் தெறந்து வெச்சுட்டு வந்துடும்மா" என்றார் முதலாளி. "தெறந்தாச்சுன்னா சரிதானே? மத்தத நான் பாத்துக்கறேன்."

துணியை அவிழ்த்தேன். சக்கரத்தைத் திருப்பத் திருப்பக் குழாய்க்குள் தண்ணீர் உருண்டு போகிற சத்தம் கேட்டது. கீழே எங்கோ சின்ன பம்பு முனகியது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல், கதவு திறந்தது. மைனி நின்றாள், கையில் வாளி. அவள் பின்னால் நடைவழியை அடைத்துக்கொண்டு அந்தத் தேக்கு ரேக். சீலிங்கிலிருந்து தண்ணீர் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. "க்யா ஹுவா, மேடம்?" என்று கேட்டாள். என்ன ஆச்சாம்.

என் மைனி என்னை மேடம் என்கிறாள். "பானி சாலு கியா" என்று மட்டும் சொன்னேன், தண்ணீரைத் திறந்திருக்கிறேன் என்று. அதற்குள் அவளுடைய போன் அடித்தது. வெளியே இருந்தபடி வீட்டுக் காமிரா வழியாகப் பார்த்திருக்க வேண்டும், வீட்டம்மா கத்துகிற சத்தம் எனக்கே கேட்டது. மைனி "ஹாங் மேம்சாப், ஹாங் மேம்சாப்" என்று சொல்லியபடி வாளியைச் சொட்டுக்கு நேராக நகர்த்தினாள். கதவு மூடிக்கொண்டது.

ஹார்பர் லைன் ரயிலில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கும்வரை நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கொட்டிவிட்டேன். நான் தலையைத் திருப்பினதும் அந்த வால்வை மறுபடி மூடிவிடுவார்கள், சீலிங்கைப் பிரித்து இணைப்பை மாற்றும்வரை அந்தக் கட்டடத்துக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்றேன். இவ்வளவு உரக்க நான் அங்கே பேசியதே இல்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. என் பிரசவத்துக்கு மனைவியோடு வந்து பார்த்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்றது வாஸ்தவம். ஆனா நாம மாட்டோம்னா அவா வேற கம்பெனிக்குப் போவா. அந்தக் கம்பெனிக்காரன் மாடிப்படிகூட ஏறமாட்டான். நாமளாவது வால்வத் தெறந்துட்டு வந்திருக்கோம்." பேனாவை எடுத்தார். "நீ ஏன் பதட்டப்படறே? கையெழுத்து என்னோடதுதானே? ஒனக்கு இதுல ஒண்ணும் வராது."

என் கண் முன்னாலேயே போட்டார். அழகான கையெழுத்து அவருக்கு. மை காய ஊதிவிட்டு எடுத்து வைத்தார். அந்தக் கட்டடத்தைப் பற்றி இந்த ஊரிலேயே அதிகம் தெரிந்தவள் நான்தான், என் பேச்சுக்கு அங்கே ஒரு சொட்டு மை அளவுகூட மதிப்பில்லை. சனிக்கிழமையிலிருந்து நான் ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். கையெழுத்துப் போடும் உரிமை வந்தால் ஜீப்பில் ஏற வேண்டி வருமே என்று. போடாமல் இருக்கிற உரிமையும் அதே பட்டத்தோடுதான் வரும் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. புத்தகம் பையிலேயே இருந்தது. எடுத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"பரீட்சை விஷயம்?" என்றார்.

"வீட்டுக்குப் போய் போன் பண்ணுதேன் சார்" என்றேன். பதட்டத்தில் எங்கள் பேச்சு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மைனி அன்று சீக்கிரமே வேலை விட்டு, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"நல்ல வேல பாத்துட்டுப் போன போ. வீட்டம்மா என்னைய வஞ்ச வசவு இருக்கே! நீ லிப்டுல எறங்குன ஒடனே பிளம்பரக் கூப்பிட்டு திரும்ப அடைச்சிட்டாவ. ரேக்கையும் இன்னைக்கே வெளிய இழுத்துப் போடச் சொல்லிட்டா."

"நான் ஒங்களுக்குச் சொந்தம்னு யாருக்கும் சந்தேகம் வந்துச்சா மைனி?"

"எனக்கே சந்தேகமாப் போச்சு, நீ நின்ன நிப்பப் பாத்து" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏளா, அந்த முறுக்குத சாமான் எதுக்கு உள்ளது?"

இனி மறைக்க முடியாது, சொன்னேன். அது மூடியிருக்கிறவரைக்கும் அடுப்படியில் தீப்பிடித்தால் கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது, புகையில் படிக்கட்டுக்கு ஓடினால் அந்த ரேக்குதான் முதலில் காலைத் தட்டும் என்றேன். மைனி டீயைக் கீழே வைத்தாள். என் வீட்டுக்காரர் தன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பொறமும் ஒங்க முதலாளி கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"போட்டுட்டாரு."

"ஒனக்க கையெழுத்தா இருந்தா?"

"போட்டிருக்க மாட்டேன்."

"போடலன்னா ஒன்னய வேலைய விட்டுத் தூக்கிருவான்."

"தூக்கட்டும். ஆனா என்னத் தாண்டிப் போட முடியாதுல்லா."

அவருக்குப் பயம் போகவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போகவில்லை. எழுந்து போய்த் தீயணைப்பானின் மேலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "போனப் போடு, நேரமாவுது" என்றார்.

முதலாளி முதல் மணியிலேயே எடுத்தார். எழுதுகிறேன் என்றதும், "சபாஷ், இனிமே எனக்கு நிம்மதி" என்றார். ஒரு நிபந்தனை சார் என்றேன். என் கையெழுத்து வந்த நாளிலிருந்து எந்தச் சொசைட்டிக்கும் முன்கூட்டிப் போன் செய்ய மாட்டேன், சொல்லாமல்தான் போவேன் என்றேன். அலுவலக வாசலில் பூக்கடைக்காரன் கூவுவது மட்டும் போனில் கேட்டது.

"பாதிக் கிளையன்ட் போயிடுவாளேம்மா" என்றார் கடைசியில்.

"தெரியும் சார். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

"மொதல்ல பாஸ் பண்ணு, அப்பறம் பேசிக்கலாம்" என்றார். பேரைப் பதிந்துவிடுவதாகவும் சொன்னார். சரி என்று ஒப்புக்கொண்டாரா, இந்த இங்கிலீஷில் இவள் எங்கே பாஸாகப் போகிறாள் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

மைனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"சொல்லாமத்தான் வருவியா? எங்கிட்டயாவது சொல்லுவியா?"

"ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன் மைனி."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். தரையில் கிடந்த அந்தத் தடிப் புத்தகத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எத்தன மாசம் ஆவும் படிச்சு முடிக்க?"

"ஒரு வருசம் ஆயிரும்."

"வெரசாப் படிளா" என்றாள். "அதுவரைக்கும் தெனமும் நான் அங்ஙனதான் நிக்கேன்."